போருக்குப் போகும் முடிவில் உள்நாட்டு அரசியலின் பங்கு: எப்படி நிரூபிப்பது?

செல்லூர்வாசி

எல்லாருக்கும் வணக்கம். நத்தம் ரோடு நூலகத்தில் சேர்ந்து படிக்கும் ஏழு பேர் நாங்கள். குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்கு அரசியல் அறிவியல்தான் எங்கள் விருப்பப் பாடம். ‘ஒரு நாடு போருக்குப் போவதை உள்நாட்டு அரசியல் எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது?’ என்ற கேள்விக்குப் போன வாரம் விடை எழுதிப் பார்த்தோம். ஏழு பேரும் எழுதியது ஒரே உதாரணம். 1982 மார்ச் 30 அன்று புவெனோஸ் அயர்ஸில் தொழிற்சங்கங்கள் ராணுவ ஆட்சிக்கு எதிராகத் தெருவில் இறங்கின. மூன்றே நாளில், ஏப்ரல் 2 அன்று, அர்ஜென்டினப் படை பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவில் இறங்கியது. ஆகவே மக்கள் கோபத்தைத் திசைதிருப்பத்தான் அந்தப் போர். திருத்திக் கொடுத்தவர் ஓரத்தில், ‘முன்னது பின்னது தெரிகிறது, காரணம் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டார்.

காரணம்தான் என்று காட்ட என்ன செய்ய வேண்டும்? இந்தியா சம்பந்தப்பட்ட போர்களில் எவை இதற்குப் பொருந்தும்? நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு இருந்தால் போர் நிற்குமா, அல்லது அது சும்மா சடங்கா? விவரம் தெரிந்தவர்கள் தேதியோடு சொன்னால் பெரிய உதவி.


வைகைவடகரை

தம்பி, திருத்தியவர் கை வைத்தது சரியான இடத்தில். உதாரணத்தை மாற்ற வேண்டாம். அதே ஃபாக்லாந்தை எடுத்து, தேதிகளை ஒரு தாளில் வரிசையாகப் போடுங்கள்.

கால்டியேரி அதிபரானது 1981 டிசம்பரில். அந்த நாற்காலிக்கு வர அவருக்குக் கடற்படைத் தளபதி அனாயாவின் ஆதரவு வேண்டியிருந்தது. அனாயாவுக்கோ தீவைப் பிடித்தே ஆக வேண்டும். அந்த டிசம்பரிலேயே கடற்படைக்குள் திட்டம் போடும் வேலை தொடங்கிவிட்டது. 1982 மார்ச் 19: பழைய திமிங்கில ஆலைகளின் இரும்பைப் பிரித்தெடுக்க, பிரிட்டன் வசமிருந்த தெற்கு ஜார்ஜியா தீவுக்குப் போன அர்ஜென்டினர்கள் அங்கே தங்கள் கொடியை ஏற்றினார்கள். பிரிட்டன் தன் ரோந்துக் கப்பல் எண்டூரன்ஸை அந்தப் பக்கம் அனுப்பியது. மார்ச் 26: படையிறக்குவதென்று ராணுவக் குழு முடிவெடுத்தது. மார்ச் 28: கப்பல்கள் கிளம்பிவிட்டன. நீங்கள் காரணம் என்று எழுதிய போராட்டம் மார்ச் 30. கூட்டம் தெருவுக்கு வந்தபோது படை ஏற்கெனவே கடலில் இருந்தது. ‘போராட்டம் நடந்தது, அதனால் போர்’ என்ற வரி அங்கேயே விழுந்துவிடுகிறது.

அதற்காக உள்நாட்டு அரசியலுக்குப் பங்கே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அது வேறு மூன்று இடங்களில் இருக்கிறது.

முதல் இடம், மேலே சொன்ன பேரம். மக்கள் கோபத்துக்கு முன்னாலேயே, ஆட்சிக் குழுவுக்குள் யார் யாரைத் தாங்கிப் பிடித்தார்கள் என்ற கணக்கு இருந்தது. ராணுவ ஆட்சியில் ‘உள்நாட்டு அரசியல்’ என்றால் பெரும்பாலும் இதுதான்: ஓட்டுப் போடும் கோடிப் பேர் கிடையாது, நாற்காலியைப் பிடித்திருக்கும் பத்துப் பதினைந்து பேர்.

இரண்டாவது, அவசரம். இதுதான் எனக்கு மிக வலுவான சான்றாகப் படுகிறது. அர்ஜென்டினா பிரான்சிடம் 14 சூப்பர் எடெண்டார் போர் விமானங்கள் கேட்டிருந்தது. வந்து சேர்ந்தது 5. அவற்றிலிருந்து ஏவும் எக்ஸோசெட் ஏவுகணையும் கையில் 5தான். இன்னொரு பக்கம் பிரிட்டன் கடற்படைச் செலவை வெட்டிக்கொண்டிருந்தது. இன்வின்சிபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலை ஆஸ்திரேலியாவுக்கு விற்க 1982 பிப்ரவரியில் சம்மதித்தும்விட்டது. ராணுவக் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் ‘பொறு’ என்றுதான் எந்தத் தளபதியும் சொல்லியிருப்பார். அந்த 5 ஏவுகணையை வைத்தே ஷெஃபீல்ட், அட்லாண்டிக் கன்வேயர் என்ற இரண்டு பிரிட்டன் கப்பல்களை மூழ்கடித்தார்கள். கூடுதலாகக் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பொறுக்காமல் போனதற்குத்தான் அரசியல் விளக்கம் தேவை. தெற்கு ஜார்ஜியா விஷயத்தில் இறங்கிப் போனால் குழுவுக்குள்ளேயே மரியாதை போய்விடும் என்ற நிலை அது.

மூன்றாவது, திரும்ப முடியாமை. ஏப்ரலில் மாயோ சதுக்கத்தில் கூடிய கூட்டம் கால்டியேரியை வாழ்த்தியது. சில நாள் முன்னால் போலீஸ் தடியடி நடத்திய அதே சதுக்கம். ஏப்ரல் 3 அன்றே ஐ.நா. பாதுகாப்பு சபை 502வது தீர்மானத்தில் படையை விலக்கச் சொன்னது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹேக் இரண்டு தலைநகருக்கும் மாறி மாறிப் பறந்தார். ஒன்றும் படியவில்லை. வாழ்த்திய கூட்டத்தின் முன்னால் விலகுகிறேன் என்று சொல்ல முடியாது. ஜூன் 14 சரணடைந்தார்கள், சில நாளில் கால்டியேரி வெளியே. போரைத் தொடங்கிவைத்ததைவிட, நிறுத்த விடாமல் பிடித்துக்கொண்டதில்தான் மக்கள் அரசியலின் பங்கு அதிகம்.

சரிபார்க்கும் வழிக்கு வருகிறேன். ஒரு தாளில் அட்டவணை மாதிரி, மேலிருந்து கீழாக நான்கு பத்தி போடுங்கள்: தேதி, முடிவெடுத்த ஆள், அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருந்தது, எடுத்த முடிவு. மூன்றாவது பத்தியில்தான் எல்லாரும் தவறுவது. பின்னால் நடந்ததை முன்னாலேயே தெரிந்ததுபோல எழுதிவிடுவார்கள். பிறகு இரண்டு கேள்வி. ‘வேண்டாம்’ என்று யார் சொல்லியிருந்தால் இது நின்றிருக்கும்? படைபலக் கணக்கோடு ஒட்டாத முடிவு ஏதாவது இருக்கிறதா? ஒட்டாத இடத்தில்தான் அரசியல் இருக்கும்.

தேர்தல் முடிவை மட்டும் சான்றாக வைக்காதீர்கள். ‘ஃபாக்லாந்தால் பிரிட்டன் பிரதமர் தாட்சர் ஜெயித்தார்’ என்பார்கள். 1979இல் அவர் கட்சிக்கு 43.9 சதவீதம், 339 இடம். 1983இல் 42.4 சதவீதம், 397 இடம். ஓட்டு குறைந்திருக்கிறது, இடம் கூடியிருக்கிறது. எதிர் ஓட்டு லேபருக்கும் புதுக் கூட்டணிக்கும் இரண்டாக உடைந்ததுதான் அந்த இட எண்ணிக்கைக்குப் பெரிய காரணம். 1991 வளைகுடாப் போர் முடிந்தபோது மூத்த புஷ்ஷுக்கு ஆதரவு 89 சதவீதம். 1992 நவம்பரில் தோற்றார். போர் தரும் ஆதரவு அலை சீக்கிரம் வடிந்துவிடும்.


திருநகர்_டீச்சர்

இந்தியாவைப் பற்றி நான் சொல்கிறேன். 1962, 1971, 1999 மூன்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். மூன்றிலும் உள்நாட்டு அரசியல் வேலை செய்த விதம் வேறு.

1962இல் அது பேச்சுவார்த்தையின் கையைக் கட்டியது. 1959 ஆகஸ்டில் சீன எல்லையில் லாங்ஜூவில் துப்பாக்கிச் சூடு நடந்ததும் நாடாளுமன்றம் கொதித்தது. செப்டம்பரில் சீனாவோடு நடந்த கடிதப் போக்குவரத்தை நேரு வெள்ளை அறிக்கையாகவே வெளியிட வேண்டிவந்தது. அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு கடிதமும் பீகிங்குக்கு மட்டும் எழுதியதல்ல, டெல்லி உறுப்பினர்களுக்கும் சேர்த்து எழுதியது. அப்புறம் பெருபாரி விவகாரம். பாகிஸ்தானுக்கு ஒரு துண்டு நிலம் கொடுப்பது பற்றிக் கேட்டதற்கு, 1960 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று கருத்துச் சொன்னது. அடுத்த மாதமே சூ என்லாய் டெல்லி வருகிறார். அக்சாய் சின் விஷயத்தில் எதையாவது விட்டுக்கொடுத்தால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு நாடாளுமன்றத்தைத் தாண்டியாக வேண்டும் என்ற நிலை. இங்கே ஒரு நுணுக்கம்: 1957 தேர்தலில் காங்கிரசுக்கு 371 இடம். எண்ணிக்கை போதாமல் இல்லை. சொந்தக் கட்சிக்காரர்களே கை தூக்குவார்களா என்பதுதான் சந்தேகம். அந்தச் சந்தேகம் வீண் இல்லை. போர் கெட்டுப்போனதும் 1962 நவம்பரில் கிருஷ்ண மேனனை அமைச்சரவையிலிருந்து வெளியேற வைத்தது காங்கிரஸ் உறுப்பினர்களின் நெருக்கடிதான்.

1961 நவம்பரில் வந்த முன்னேற்றக் கொள்கையையும் இதே பின்னணியில் பாருங்கள். சின்னச் சின்னக் காவல் நிலைகளை எல்லையில் முன்னால் தள்ளிவைத்தார்கள். பின்னால் சாலை இல்லை, உணவும் தோட்டாவும் விமானத்திலிருந்து போட வேண்டியிருந்தது. ‘ஏதாவது செய்கிறோம்’ என்று அவையில் சொல்லப் போதுமான நடவடிக்கை, சண்டை வந்தால் தாக்குப்பிடிக்கப் போதாத நடவடிக்கை. அரசியல் நெருக்கடி எப்போதும் பெரிய போரை உண்டாக்கும் என்றில்லை. இப்படி அரைகுறையான ராணுவ நடவடிக்கையை உண்டாக்குவதுதான் அடிக்கடி நடப்பது, அதுதான் ஆபத்தும்.

1971இல் இதற்கு நேர்மாறு. மார்ச்சில்தான் இந்திரா காந்தி 352 இடத்தோடு வந்திருந்தார். மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் வேட்டையைத் தொடங்கியது, 31ஆம் தேதி நம் நாடாளுமன்றம் ஆதரவுத் தீர்மானம் போட்டது. வங்கதேசத்தை உடனே அங்கீகரி என்று ஜனசங்கம் தெருவில் இறங்கியது. அகதிகள் ஒரு கோடியைத் தொட்டார்கள். திரிபுராவின் சொந்த மக்கள்தொகையே சுமார் 15 லட்சம்; அங்கே வந்தவர்கள் கிட்டத்தட்ட அதே அளவு. அகதி நிவாரணத்துக்கென்று கடிதங்களுக்கு 5 காசு கூடுதல் தபால்தலை ஒட்ட வேண்டியிருந்தது. மதுரையில் கடிதம் போட்டவரும் அதை ஒட்டித்தான் போட்டார். இத்தனை நெருக்கடியிலும் எட்டு மாதம் பொறுத்தார்கள். மழைக்காலத்தில் வங்கத்து ஆறுகளைத் தாண்டிப் படை நகராது. இமயக் கணவாய்கள் பனியில் மூடும்வரை சீனப் பக்கம் பயம். ஆகஸ்ட் 9 சோவியத் ஒப்பந்தம் கையில் வர வேண்டும். அப்படிப் பொறுக்க முடிந்ததற்கே காரணம் அந்த 352. பலமான ஆட்சிதான் கூச்சலைத் தாங்கிக்கொண்டு காத்திருக்கும்.

1999ஐ எழுதுகிறவர்கள் பாதி விவரத்தை விட்டுவிடுகிறார்கள். ஏப்ரல் 17 அன்று 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது. அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டதன் விளைவு. கார்கில் ஊடுருவல் தெரியவந்தபோது மக்களவையே கிடையாது, இருந்தது காபந்து அரசு. தேர்தல் முன்னால் நிற்கிறது. ‘தேர்தல் அருகில் இருந்தால் ஆட்சியாளர் போரைப் பெரிதாக்குவார்’ என்ற விதி சரியென்றால் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை. மே 26 முதல் விமானப்படை இறங்கியபோதும் கோட்டைத் தாண்டாதே என்ற உத்தரவு இருந்தது, அதனால் வீரர்கள் செங்குத்தான மலை முகத்தில் நேருக்கு நேர் ஏற வேண்டியிருந்தது. அடுத்த தேர்தலில் பாஜகவுக்கு 182. அதற்கு முந்தைய 1998இலும் அதே 182. உத்தரப் பிரதேசத்தில் 57 என்பது 29 ஆகக் குறைந்தது.


மேலமாசி

டீச்சர், 1971 பற்றி ஒரு மறுப்பு. 1972 மார்ச்சில் நடந்த சட்டமன்றத் தேர்தல்களில் காங்கிரஸ் பல மாநிலங்களை அள்ளியது. அந்த அறுவடை கணக்கில் இருந்திருக்காது என்று எப்படிச் சொல்ல முடியும்? 1971 டிசம்பர் 3 அன்று பிறப்பித்த அவசரநிலைப் பிரகடனத்தை 1977 மார்ச் வரை எடுக்கவே இல்லை. போர் அரசாங்கத்துக்குக் கொடுத்த அதிகாரம் போரோடு போகவில்லை. இதையும் பிள்ளைகள் எழுத வேண்டும்.


திருநகர்_டீச்சர்

எழுத வேண்டியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லாபம் வந்தது என்பதும் லாபத்துக்காகச் செய்தார்கள் என்பதும் வேறு வேறு. 1971 ஏப்ரலில் அவருக்கு ஐந்து வருடம் முழுதாக இருந்தது. வைகைவடகரை சொன்ன நான்கு பத்தியில் ‘அன்றைக்குத் தெரிந்திருந்தது’ என்ற பத்தியில் 1972 வெற்றி வராது. அவசரநிலை நீட்டிப்பு, போரின் விளைவு என்ற தலைப்பில் வரட்டும். அதே தலைப்பில் திமுகவையும் சேருங்கள்: சீனப் போர் வந்ததும் அண்ணா திராவிட நாடு கோரிக்கையை ஒதுக்கிவைத்துப் போர் முயற்சிக்குத் துணை நின்றார், 1963இல் பிரிவினை பேசுவதைத் தடுக்கும் 16வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது, பிரிவினைக் கோரிக்கை கைவிடப்பட்டது.


ஒத்தக்கடை_வக்கீல்

ஓட்டெடுப்புக் கேள்விக்கு என் பதில். முதலில் நம் நாட்டுச் சட்டம். போர் தொடுக்க நாடாளுமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்தில் எங்கும் இல்லை. ஏழாம் அட்டவணையின் மத்தியப் பட்டியலில் 15வது இனம் ‘போரும் அமைதியும்’. 53(2) பிரிவின்படி முப்படைத் தலைமை குடியரசுத் தலைவரிடம், 74வது பிரிவின்படி அவர் நடப்பது அமைச்சரவை ஆலோசனையில். நடைமுறையில் பிரதமரும் பாதுகாப்பு, உள்துறை, நிதி, வெளியுறவு அமைச்சர்களும் உட்காரும் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழுதான் முடிவெடுக்கிறது. நாடாளுமன்றத்தின் பிடி இரண்டு இடத்தில்: கூடுதல் செலவுக்கு அவையிடம் கேட்கும் துணை மானியக் கோரிக்கை வரும்போது பணத்தில்; 352வது பிரிவின் கீழ் அவசரநிலை என்றால், 1978இன் 44வது திருத்தத்துக்குப் பிறகு, ஒரு மாதத்துக்குள் இரு அவையும் சிறப்புப் பெரும்பான்மையோடு ஏற்க வேண்டும். இரண்டுமே சண்டை தொடங்கிய பிறகு வருபவை.

ஓட்டெடுப்பு இருக்கும் நாடுகளில், ஓட்டு எப்போது நடக்கிறது என்று பாருங்கள். 1991 வளைகுடாப் போருக்கு அமெரிக்க காங்கிரஸ் ஓட்டுப் போட்டது ஜனவரியில், அதாவது 1990 நவம்பரில் காங்கிரசுக்கான தேர்தல் முடிந்த பிறகு. செனட்டில் 52க்கு 47, நூலிழை. 2002இல் இராக் தீர்மானம் வந்தது அக்டோபரில், நவம்பர் தேர்தலுக்குச் சில வாரம் முன்னால். செனட்டில் 77க்கு 23. நாட்டின் மனநிலை செப்டம்பர் 11க்குப் பிறகு மாறியிருந்தது உண்மைதான், ஆனால் தேதி தேர்ந்த விதத்தையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமையாகும்.

அமெரிக்க அதிபர் ஜான்சன் கதையை நான் கட்டாயம் எழுதச் சொல்வேன். 1964 ஆகஸ்டில், வியட்நாம் பக்கம் படையைப் பயன்படுத்த அவருக்கு அனுமதி தந்த டோங்கின் தீர்மானம், செனட்டில் 88க்கு 2, கீழவையில் 416க்கு பூஜ்யம். தேர்தல் முடியும்வரை போரைப் பெரிதாக்காமல் வைத்திருந்தார். 1965 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா சுமார் 2,35,000 ரிசர்வ் படையினரை அழைக்கச் சொன்னார். ஜான்சன் மறுத்தார். ஜூலை 28 அன்று நடுப்பகலில், எல்லாரும் வேலையில் இருக்கும் நேரத்தில், வியட்நாமில் படை 75,000இலிருந்து 1,25,000 ஆகும் என்று பத்திரிகையாளர் சந்திப்பில் சொல்லி முடித்தார். ஏன் அப்படி? இரண்டு நாள் கழித்து, ஜூலை 30 அன்று, முதியோர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்து. ஆகஸ்ட் 6 அன்று கறுப்பினத்தவரின் வாக்குரிமைச் சட்டம். போர் என்று நாட்டையே எழுப்பிவிட்டால் அந்தச் சட்டங்களுக்குப் பணமும் ஓட்டும் போய்விடும் என்று பயந்தார். உள்நாட்டில் அவர் செய்ய நினைத்த நல்லதே போரை மறைத்து நடத்த வைத்தது. மறைத்ததால் மக்கள் ஆயத்தமாகவில்லை. அதன் விலையை 1968இல் அவரும், வருடக்கணக்காக வியட்நாம் மக்களும் கொடுத்தார்கள்.

ஓட்டு தடுத்த இடமும் உண்டு. 2003 மார்ச் 18 அன்று பிரிட்டன் அவை 412க்கு 149 என்று இராக் போருக்குச் சம்மதித்தது. அந்தக் காயம் ஆறாததால் 2013 ஆகஸ்டில் சிரியா தீர்மானத்தை 285க்கு 272 என்று தோற்கடித்தது. 2003 மார்ச் 1 அன்று துருக்கி நாடாளுமன்றம் அமெரிக்கப் படை தன் மண் வழியாக இராக்குக்குள் போக அனுமதி தரவில்லை. ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தும் அதன் உறுப்பினர்களிலேயே பலர் கைவிட்டார்கள். இராக்குக்குள் வடக்கிலிருந்தும் நுழையும் அமெரிக்கத் திட்டம் அதோடு போயிற்று.


ஆனைமலை_அடிவாரம்

ஓட்டும் தேர்தலும் இல்லாத காலத்துக்கும் இது பொருந்துமா என்று யாரும் கேட்கவில்லை. நம் ஊரே உதாரணம்.

1169 வாக்கில் மதுரை அரியணைக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதினார்கள். முற்றுகையில் இருந்த பராக்கிரமன் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். தளபதி இலங்காபுரன் வந்து இறங்குவதற்குள் குலசேகரன் மதுரையைப் பிடித்து, கேட்டவனையே கொன்றுவிட்டான். அழைத்தவன் செத்த பிறகும் படை திரும்பவில்லை. மகன் வீரபாண்டியன் பேரில் சண்டை தொடர்ந்தது. குலசேகரன் சோழனிடம் போனான். இரண்டாம் இராசாதிராசனின் படைத்தலைவன் பல்லவராயன் இலங்கைப் படையை முறியடித்தான். அப்புறம் குலசேகரன் இலங்கைப் பக்கம் சாய, அதே சோழர் அவனை இறக்கிவிட்டு வீரபாண்டியனை ஏற்றினார்கள். ஒரு வீட்டுச் சண்டை, மூன்று நாட்டுப் போர்.

நாங்கள் கல்வெட்டு பார்க்கப் போகிறவர்களிடம் காட்டுவது அடுத்ததுதான். மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு, இலங்காபுரன் முதலான தண்டநாயகர்களின் தலைகளை மதுரை வாசலில் தைத்துவைத்ததைச் சொல்கிறது. இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சமோ அவனுக்கு வெற்றிமேல் வெற்றி என்கிறது. பிடிபட்ட தமிழர்களை அநுராதபுரத்துப் பெரிய தாதுகோபத்தைப் புதுப்பிக்கும் வேலைக்கு அனுப்பினதாகவும் சொல்கிறது. இரண்டும் தன் வீட்டாருக்குச் சொன்ன கணக்கு. காஞ்சிபுரம் பக்கம் ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டில் மட்டும்தான் பயம் தெரிகிறது: இலங்கைப் படை வருகிறதே என்று சம்புவராயர் ஒருவர் உமாபதி தேவரிடம் முறையிட, அவர் 28 நாள் பூசை செய்திருக்கிறார். போர்க்காலச் சான்றை எடுக்கும்போது, அது யார் கேட்கச் சொல்லப்பட்டது என்று முதலில் பாருங்கள்.


செல்லூர்வாசி

ஐயா, டீச்சர், அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. நான்கு பத்தி அட்டவணையை இன்றே போட்டுப் பார்க்கிறோம். இரண்டு சின்னச் சந்தேகம். துருக்கி ஓட்டு 264க்கு 250 என்று ஒரு குறிப்பேட்டில் பார்த்தேன். அப்படியென்றால் ஆதரவுதானே அதிகம், எப்படித் தோற்றது? இன்னொன்று, இலங்கைக்கு அமைதிப் படை போனதை இந்தத் தலைப்பில் எழுதலாமா?


ஒத்தக்கடை_வக்கீல்

264 ஆதரவு, 250 எதிர்ப்பு, 19 பேர் நடுநிலை. மொத்தம் வந்திருந்தவர்கள் 533. அவர்கள் சட்டப்படி வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல், அதாவது 267, வேண்டும். மூன்று ஓட்டுக் குறைவு. நடுநிலை என்று உட்கார்ந்த 19 பேர்தான் அதைத் தோற்கடித்தவர்கள்.


மேலமாசி

அமைதிப் படையைத் தாராளமாக எழுதலாம் தம்பி, அதில் மூன்று தலைநகரின் அரசியல் இருக்கிறது. 1986இல் இதே மதுரையில் நடந்த டெசோ (தமிழீழ ஆதரவாளர் அமைப்பு) மாநாட்டுக்கு வாஜ்பாயும் என்.டி.ராமராவும் வந்தார்கள், ஈழப் பிரச்சினை தமிழ்நாட்டோடு நிற்கவில்லை என்று காட்ட அந்த மேடை போதும். கொழும்பில் ஜெயவர்த்தனா 1982 டிசம்பரில் பொதுவாக்கெடுப்பு நடத்தி, தேர்தலே இல்லாமல் அதே நாடாளுமன்றத்தை நீட்டித்துக்கொண்டவர். தன் உறுப்பினர்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதம் வாங்கி வைத்திருந்தவர். அதனால்தான் பிரதமர் பிரேமதாசா எதிர்த்தும் 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடிந்தது. தெற்கே சிங்களக் கிளர்ச்சி அமைப்பான ஜே.வி.பி. கிளம்பிக்கொண்டிருந்தது, வடக்கில் மாட்டியிருந்த படை அவருக்கு அங்கே தேவைப்பட்டது. மறுநாள் அணிவகுப்பில் ஒரு சிங்களக் கடற்படைச் சிப்பாய் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். அக்டோபரில் நம் படை புலிகளோடு சண்டையில் இறங்கியது. சுமார் 1,200 வீரர்கள் போனார்கள். செத்த தமிழ்ச் சனங்களையும் விடாமல் எழுதுங்கள்.

திரும்பி வந்ததும் உள்நாட்டுக் கணக்கில்தான். 1988 டிசம்பரில் அதிபர் தேர்தலில் வென்ற பிரேமதாசா 1989 ஜூனில் வெளியேறச் சொன்னார். ராஜீவ் அந்த வருடக் கடைசியில் தோற்றார், வி.பி.சிங் படையை அழைத்துக்கொண்டார். கடைசிக் கப்பல் 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையை விட்டது. சென்னையில் வரவேற்புக்கு முதல்வர் கருணாநிதி போகவில்லை. அட்டவணையில் இதற்கு மூன்று தாள் வேண்டும், டெல்லிக்கு ஒன்று, கொழும்புக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று. தேதிப் பத்தியை மட்டும் மூன்றுக்கும் பொதுவாக இடது ஓரத்தில் போடுங்கள்.